அப்பா சொன்னது சாக்கா?

கேள்வி: எனக்கு வயது 34. பல வருடங்களாகத் தேடித் தேடிப் படம் பார்ப்பவன். சின்னச் செலவில் சொந்தமாக எடுக்கப்படும் சுயாதீனப் படங்கள்தான் என்னைப் பொறுத்தவரை சினிமா. அடுத்த இடம் நல்ல பேய்ப் படங்களுக்கு. ஆக்‌ஷன் படமெல்லாம் யோசிக்க விரும்பாதவர்களுக்கு. வீட்டில் இதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. அப்பாவுக்குச் சண்டைப் படம் மட்டும்தான் வேண்டும். நல்ல படம் போட்டால் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். சப்டைட்டிலை வாசிப்பதற்குள் மறைந்துவிடுகிறது என்று ஒரு சாக்கு. இப்போது ஹெட்போன் போட்டுக்கொண்டு தனியாகத்தான் பார்க்கிறேன். இவர்களுடைய ரசனையை எப்படி உயர்த்துவது?

பதில்: தம்பி, ரசனையை அப்புறம் பார்க்கலாம். அப்பாவின் கண்ணைக் கடைசியாக எப்போது டாக்டரிடம் காட்டினீர்கள்?

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் ஒளிப்பதிவு இருக்கிறது, எடிட்டிங் இருக்கிறது, ஒரு நடிகை கண்ணிமைப்பதைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் இருக்கிறது. அப்பா இரண்டு மூன்று வரியில்தான் வருகிறார். அதிலும் அவர் சொன்னதைச் ‘சாக்கு’ என்று தள்ளிவிட்டீர்கள். வாசிப்பதற்குள் மறைந்துவிடுகிறது என்று ஒரு பெரியவர் வாய்விட்டுச் சொல்கிறார் என்றால், அதற்கு முன் எத்தனை நாள் சொல்லாமல் சமாளித்தாரோ! வயதானவர்கள் கண் மங்குவதை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள், எழுந்து போய்விடுவார்கள்.

சப்டைட்டில் பொதுவாக இரண்டு வரிக்கு மேல் வராது. அதிகமாகப் போனால் ஆறேழு விநாடி நிற்கும், பல சமயம் இரண்டே விநாடி. கண்புரை மெல்ல வளரும், வலிக்காது. வெளிச்சமான காட்சியின் மேல் வெள்ளை எழுத்து வந்தால் அந்தக் கண்ணுக்குக் கலங்கலாகத்தான் தெரியும். உங்கள் அப்பாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. புது மூக்குக் கண்ணாடியோடு முடிந்துவிடலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். கூட்டிக்கொண்டு போக வேண்டியவர் நீங்கள். பெற்றவர்களின் கண்ணும் காதும் பிள்ளைகள் பொறுப்பு என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். சண்டைப் படத்தில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள எதையும் வாசிக்க வேண்டியதில்லை. ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் 1928-இல் எடுத்த ஒரு படத்தில், ஒரு வீட்டின் முன்சுவர் முழுசாக அவர் மேல் சாயும். அவர் நிற்கும் இடத்துக்கு நேராகத் திறந்த ஜன்னல் வருவதால் தப்பிப்பார். அது நிஜச் சுவர். சில அங்குலம் தள்ளி நின்றிருந்தால் ஆள் இல்லை. பேசாப் படக் காலத்துக் காட்சி அது, இன்றைக்கும் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. உடம்பாலேயே கதை சொல்வதற்கு எவ்வளவு யோசனை வேண்டும்! அதை ரசிப்பவரைப் போய் யோசிக்க விரும்பாதவர் என்கிறீர்கள்.

உங்கள் தரவரிசையும் நிற்காது. அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸின் முதல் படம் ‘எல் மரியாச்சி’ (1992) சுமார் 7,000 டாலரில் எடுத்தது. அந்தப் பணத்துக்காக மருந்துப் பரிசோதனைக்குத் தன் உடம்பையே கொடுத்தார் அந்த மனிதர். அதைவிடச் சுயாதீனமாக ஒருவர் படம் எடுக்க முடியுமா? ஆனால் அது துப்பாக்கிச் சண்டைப் படம். இன்னொரு இயக்குநர் ஜார்ஜ் ரொமெரோ 1968-இல் பெரிய ஸ்டுடியோ எதுவும் இல்லாமல், ஒரு லட்சத்துச் சொச்சம் டாலரில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்துதான் செத்தவர்கள் எழுந்து நடமாடும் இன்றைய ஸோம்பிப் பேய்ப் படங்கள் எல்லாம் கிளம்பின. நீங்கள் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று அடுக்கி வைத்திருப்பவை ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அந்த ஹெட்போனைக் கழற்றுங்கள். அதுவும் பேய்ப் படத்துக்கா! பயம் பாதி சத்தத்தில் இருக்கிறது, மீதி பக்கத்தில் இருப்பவர் திடுக்கிடுவதில். அடுத்த அறையில் பெற்றவர் இருக்கும்போது காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவர் கூப்பிட்டால் எப்படிக் கேட்கும்?

சரி, செய்ய வேண்டியது. இந்த வாரமே கண் டாக்டர். பிறகு டிவியில் சப்டைட்டில் அமைப்புக்குப் போய் எழுத்தைப் பெரிதாக்குங்கள், பின்னால் கறுப்புப் பட்டை வையுங்கள். முதல் படத்தை அப்பா தேர்ந்தெடுக்கட்டும். செல்போனைத் தொடாமல் கடைசிவரை அவரோடு உட்காருங்கள். அடுத்தது உங்கள் படம். எழுத்து வேகமாக ஓடினால் நிறுத்துங்கள், இல்லையென்றால் நீங்களே வாய்விட்டு வாசித்துச் சொல்லுங்கள். ‘இவன் யாருடா?’ என்று நடுவில் கேட்பார். எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் படங்களைப் பற்றி ஒரு வரி போதும்.