அவள் பெயரில் ஒரு ழ

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "அக்கா, என் அண்ணன் மகளுக்கு 19 வயது. போன வாரம் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் காப்பி வாங்கும்போது கவுண்டரில் பெயர் கேட்டார்கள். நான் வழக்கம்போல 'லீனா' என்றேன். அவளோ முழுப் பெயரையும் சொன்னாள், புரியவில்லை என்றதும் எழுத்துக் கூட்டியும் சொன்னாள், பின்னால் வரிசை நிற்கிறது, எனக்கு ஒரே கூச்சம். ஆனால் அன்றிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. இது பொறாமையா? கொஞ்சம் அடக்கி வாசி என்று அவளிடம் சொல்லட்டுமா?"

சொல்லாதீர்கள். மீதியை நிதானமாகப் பேசுவோம்.

பொறாமை கொஞ்சம் இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும், அத்தைக்கு மருமகள் மேல் வராத பொறாமையா. ஆனால் கப்பில் அவள் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்களே, வெறும் பொறாமை என்றால் தப்பாக வந்திருக்கட்டும் என்றுதானே மனசு நினைக்கும்?

நம் ஊரில் தமிழ்ப் பெயர் படும் பாடு தெரிந்ததுதான். அடையாள அட்டையில் (ஐசி) 'இன்னார் மகள்' என்பதற்கு ஏ/பி போட்டு அப்பா பெயரும் சேர்ந்தால் ரயில் நீளம். அதில் ழ வேறு இருந்துவிட்டால் ஒருவர் எல் போடுவார், ஒருவர் ஆர் போடுவார், இந்தக் காலத்துப் பெற்றோர் இசட் எச் போடுகிறார்கள், அதை மலாய் நண்பர் 'ஸ' என்கிறார், மாண்டரின் படித்தவர் 'ஜ' என்கிறார். என் பெயரிலும் ழ உண்டு. ஆபிசில் சேர்ந்த முதல் வாரமே நானாகவே அதை இரண்டெழுத்தாக வெட்டிக்கொண்டேன், யாரும் கேட்கவில்லை, சும்மா அவர்களுக்கு எதற்குச் சிரமம் என்றுதான்.

உங்கள் மருமகள் சீனத் தோழிக்கு ழ கற்றுக்கொடுத்த கதையை மூன்று முறை படித்தேன். மாண்டரினில் மனிதர் என்பதற்கு 'ரென்' என்பார்கள், அந்த முதல் ஒலிக்கு நாக்கு மடங்குகிறதல்லவா, அதை அப்படியே வைத்துக்கொள் என்றாளாம். கெட்டிக்காரி! இரண்டும் நிஜமாகவே நெருங்கிய ஒலிகள். அந்தப் பெண்ணுக்கு இரண்டே நாளில் வந்துவிட்டது, இங்கே நம் கல்யாண மண்டபங்களில் மைக் பிடிப்பவர்களுக்கு இன்னும் 'தமிள்'தான்.

அதற்காக அவளுக்குப் பயமே கிடையாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எழுத்துக் கூட்டும்போது பை வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். வரிசை நீள்வது அவளுக்கும் தெரிந்திருக்கும், அப்படியும் கடைசி எழுத்துவரை சொல்லித்தான் நிறுத்தினாள். அதனால் தீபாவளிக்கு எல்லார் முன்னாலும் "எங்க வீட்டுத் தைரியசாலி" என்று மாலை போட வேண்டாம். நாளைக்கே எங்காவது அலுத்துப்போய்ப் பெயரைச் சுருக்கிச் சொன்னாளானால் உங்கள் முகம்தான் அவளுக்கு ஞாபகம் வரும், பாவம். இரண்டு பேரும் தனியாகக் காரில் போகும்போது, "அன்னைக்கு நீ பேர் சொன்னது எனக்குப் பிடிச்சிருந்துச்சு" என்று சொல்லுங்கள். போதும், அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள்.

ஆமாம், எனக்கு எழுதிய கடிதத்திலும் 'லீனா' என்றேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை முழுப் பெயரை எழுதுங்கள், பத்திரிகையில் போட மாட்டேன்.