செம்பா, ஸ்டீலா? கம்பி பற்றிய கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே கம்பியைப் பற்றியவை. பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து வாசகர்கள்.

தைப்பூசத்துக்கு எங்கள் ரதக் காவடியில் 12 வோல்ட் எல்இடி பட்டை சுற்றப் போகிறோம். ரதம் கட்டிய கால்வனைஸ்டு கம்பி மிச்சம் இருக்கிறது. அதிலேயே கரன்ட் கொண்டுபோகலாமா அண்ணா? (வெருலம்)

வேண்டாம் தம்பி. அந்தக் கம்பியைக் கட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாதா இரும்புக் கம்பியின் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு. பேட்டரியிலிருந்து உச்சிக்கு 3 மீட்டர் என்றால், போக வர 6 மீட்டர். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கட்டுக்கம்பியில் 3 ஆம்பியர் ஓடினால் 3 வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே போய்விடும், பட்டை மங்கிவிடும். அதே தடிமனில் செம்பு என்றால் அரை வோல்ட்கூடப் போகாது.

வெளிச்சத்தைவிட எனக்குப் பெரிய கவலை, அந்தக் கம்பிக்கு உறை இல்லை என்பதுதான். ரதத்தின் இரும்புச் சட்டத்தில் இரண்டு முனையும் பட்டால் பேட்டரி ஷார்ட் ஆகும், கம்பி பழுக்கக் காயும். பக்தரின் உடம்போடு சேர்ந்து நகரும் பொருள் அது. சிலிக்கோன் உறை போட்ட, பல இழைச் செம்பு வயர் வாங்குங்கள். பக்கத்தில் கற்பூரத் தட்டு வரும், சாதா பிவிசி உறை அந்தச் சூட்டில் இளகிவிடும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே 5 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம் போடுங்கள்.

மலிவாக வாங்கிய ஜம்பர் வயரில் (சர்க்யூட்டில் செருகும் குட்டை வயர்) சர்வோ மோட்டார் ஓடத் தொடங்கினாலே, அதை இயக்கும் சர்க்யூட் போர்டு ரீசெட் ஆகிறது. 'செம்பு' என்றுதான் விற்றார்கள். (பீனிக்ஸ்)

ஒன்றை வெட்டி, பிளேடால் இழையைச் சுரண்டிப் பாருங்கள். வெளியே வெள்ளையாக இருப்பது தகரப் பூச்சாக இருக்கலாம், அதைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. உள்ளே சிவந்திருந்தால் செம்பு. உள்ளேயும் வெள்ளை என்றால் காந்தத்தைக் காட்டுங்கள். இழுத்தால் ஸ்டீல் மேல் செம்புத் தோல், இழுக்காவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியம் நாலைந்து முறை மடக்கினாலே முறிந்துவிடும்.

சர்வோ கிளம்பும் கணத்தில் நிறைய மின்னோட்டம் இழுக்கும். மெல்லிய, தரமில்லாத வயரில் வோல்ட் சரியும், போர்டு திரும்பப் பிறக்கும். சர்வோவுக்கான பவரை பிரெட்போர்டு (கம்பியைச் செருகியே சர்க்யூட் கட்டும் துளைப் பலகை) வழியாகக் கொடுக்காமல், 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் நேராகக் கொடுங்கள். கிரவுண்டை (நெகட்டிவ் முனையை) மட்டும் போர்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சிக்னலுக்கு அந்த மலிவு வயரே போதும், அதில் ஓடுவது சில மில்லியாம்பியர்தான். அப்புறம், ரெசிஸ்டர் காலும் காந்தத்தில் ஒட்டும். பயப்படாதீர்கள், பல ரெசிஸ்டர்களின் கால் செம்பு பூசிய ஸ்டீல்தான். அந்த நீளத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

எரித்த செம்புக் கம்பி எடைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா? (சாட்ஸ்வொர்த்)

வாங்காதீர்கள். நெருப்பில் கருத்த செம்பில் சால்டர் (பற்றவைக்கும் ஈயம்) ஒட்டாது. அதோடு, உறையை எரித்த கம்பி என்றாலே திருட்டுக் கேபிளாக இருக்க வாய்ப்பு அதிகம். கேபிள் திருட்டு தாங்காமல்தான் 2022 நவம்பரில் பழைய செம்பின் ஏற்றுமதிக்கே அரசு தடை போட்டது. கணினி வலையமைப்புக்கான கேட்-5இ கேபிளில் ஒரு மீட்டர் துண்டு கேளுங்கள். ஒற்றை இழைச் செம்பாக எட்டு கம்பி கிடைக்கும், அரை மில்லிமீட்டர் தடிமன், பிரெட்போர்டில் கச்சிதமாக உட்காரும். பிளேடு சோதனை இதற்கும் உண்டு.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சால்டர் உருண்டு ஓடுகிறது. (தொங்காட்)

மேலே உள்ள குரோமியம் ஆக்சைடுப் படலம்தான் காரணம். பற்றவைக்கும்போது தடவும் சாதா ரோசின் ஃப்ளக்ஸ் அதை அசைக்காது, பாஸ்பாரிக் அமில ஃப்ளக்ஸ் வேண்டும். வேலை முடிந்ததும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். சர்க்யூட் போர்டு பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. முடிந்தால் ஸ்குரூ டெர்மினலில் இறுக்கிவிடுங்கள், அதுதான் நிம்மதி.

தெர்மோகோல் வெட்டச் சூட்டுக்கம்பி செய்கிறேன். செம்புதானே நல்லது? (அமன்சிம்டோட்டி)

இங்கே ஸ்டீல்தான். சூடாவதற்கு மின்தடை வேண்டும், செம்பில் அது இல்லை, பேட்டரிதான் சாகும். மீன்பிடி சாமான் கடையில் தூண்டிலுக்கு விற்கும் ஒற்றை இழை ஸ்டெயின்லெஸ் கம்பி அருமையாக வேலை செய்யும். 0.4 மில்லிமீட்டர் கம்பியில் 30 சென்டிமீட்டர் துண்டு ஏறத்தாழ 1.7 ஓம் காட்டும். 5 வோல்ட் கொடுத்தால் 3 ஆம்பியர் ஓடும், 15 வாட் சூடு. அதைத் தாங்கும் பவர் சப்ளை வையுங்கள். நைலான் பூசிய கம்பியைத் தொடாதீர்கள். சன்னலைத் திறந்து வைத்துத்தான் வெட்ட வேண்டும், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.