கோப்ளின், ஆர்க், ஓகர்: அரக்க இனத்தில் கேரக்டர் எடுப்பவர்களுக்குக் கேள்வி பதில்

வேறு பதிப்பின் பெயரைச் சொல்லாத இடங்களில், இங்கே வரும் விதிகள், கதையும் பகடையும் கலந்து மேசையில் ஆடும் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பைச் சேர்ந்தவை.

கேள்வி: அக்கா, கோப்ளின் இனத்தில் ரோக் (திருடன் வகை கிளாஸ்) எடுக்கப் போகிறேன். 2016இல் வந்த வோலோ புத்தகத்தில் ஒரு மாதிரியும் 2022இல் வந்த மல்டிவர்ஸ் புத்தகத்தில் வேறு மாதிரியும் இருக்கிறது. எது நல்லது?

பதில்: முக்கிய வித்தியாசம் 'ஃப்யூரி ஆஃப் த ஸ்மால்' என்ற திறனில்தான். பழையதில் உங்கள் லெவல் எவ்வளவோ அவ்வளவு கூடுதல் டேமேஜ், ஷார்ட் ரெஸ்டுக்கு (குறுகிய ஓய்வுக்கு) ஒருமுறை. புதியதில் புரொஃபிஷியன்சி போனஸ் (லெவலோடு வளரும் கூட்டல் எண், 5ஆம் லெவலில் 3) அளவு டேமேஜ், லாங் ரெஸ்டுக்குள் (நீண்ட ஓய்வுக்குள்) அதே எண்ணிக்கையில். 5ஆம் லெவலில் கணக்குப் பாருங்கள். ஒரு நாளில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் கிடைத்தால் பழையது மொத்தம் 15 தரும், புதியது 9. ஷார்ட் ரெஸ்டே தராத டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) என்றால் பழையது வெறும் 5. எனவே உங்கள் டிஎம் எப்படி ஓய்வு தருகிறார் என்று முதலில் கேளுங்கள்.

நான் அதைவிட யோசிக்கச் சொல்வது கிளாஸைப் பற்றி. கோப்ளினின் 'நிம்பிள் எஸ்கேப்', டர்னில் கூடுதலாகச் செய்யும் போனஸ் ஆக்‌ஷனில் டிஸ்எங்கேஜ் (அடி வாங்காமல் விலகுவது) அல்லது ஹைட் (ஒளிவது) தருகிறது. ரோக்குக்கு 2ஆம் லெவலில் 'கன்னிங் ஆக்‌ஷன்' வந்ததும் அந்த இரண்டோடு டேஷும் (இன்னொரு மடங்கு ஓட்டம்) சேர்ந்தே கிடைக்கும். அதாவது உங்கள் இனத்தின் சிறந்த திறன் ஒரே லெவலில் வீணாகிவிடும். அதே கோப்ளினை விசார்டாகவோ ரேஞ்சராகவோ எடுத்தால், அடித்துவிட்டு நழுவும் வசதி அந்தக் கிளாஸில் வேறு யாருக்கும் இருக்காது.

கேள்வி: கோபோல்டுக்கு (பல்லி போன்ற சிறு இனம்) வெயில் ஆகாதாமே? பகல் முழுக்க நடக்கும் கேம்பெயினில் (தொடர்கதை ஆட்டத்தில்) எடுக்கலாமா?

பதில்: வோலோ கோபோல்டு என்றால் நீங்களோ இலக்கோ நேரடி வெயிலில் இருக்கும்போது அட்டாக் ரோலுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை போட்டுச் சிறியதை எடுப்பது). 'பேக் டாக்டிக்ஸ்' இருப்பதால், இலக்குக்கு 5 அடிக்குள் உங்கள் கூட்டாளி ஒருவர் நின்றால் அட்வான்டேஜ் (பெரியதை எடுப்பது) வந்து இரண்டும் அடிபட்டுப் போகும். டி20இல் (20 முகப் பகடையில்) 11 தேவைப்படும் அடி குகைக்குள் கூட்டாளியோடு 75 சதவீதம் படும், வெயிலில் கூட்டாளியோடு 50, வெயிலில் தனியாக 25. ஆகவே பகலில் தனியாக முன்னே ஓடாதீர்கள்.

எதிரி சேவ் (தப்பிக்கும் பகடை) போட வேண்டிய மந்திரங்களை இந்தக் குறை தொடாது. 'சேக்ரட் ஃப்ளேம்' வைத்திருக்கும் கோபோல்டு கிளெரிக்குக்கு வெயிலும் நிழலும் ஒன்றுதான். மல்டிவர்ஸ் கோபோல்டுக்கு வெயில் குறையே கிடையாது, கூடவே பேக் டாக்டிக்ஸும் போய்விட்டது.

கேள்வி: நான் புதிய டிஎம். ஒரு பிளேயர் ஆர்க் எடுத்திருக்கிறார். யதார்த்தமாக இருக்கட்டும் என்று காவலர்கள் தடுக்கிறார்கள், கடைக்காரர்கள் விரட்டுகிறார்கள். இப்போது எல்லோருக்கும் சலிப்பு. எங்கே தவறு?

பதில்: ஒவ்வொரு வாசலிலும் அதே காட்சியை ஓட்டியதுதான் தவறு. முதல்முறை அது கதை, நான்காம் முறை தண்டனை. அடுத்து என்ன ஆகும் என்றால், அந்தப் பிளேயர் ஆர்க்கின் தலைமேல் ஒரு முக்காடு போட்டுவிடுவார். அதன்பின் மேசையில் ஆர்க் இருக்காது, முக்காடு போட்ட யாரோ ஒருவர்தான் இருப்பார். மற்ற நால்வரும் கடைத்தெரு தகராறு முடியும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

கேம்பெயின் வரைபடத்தை எடுத்து ஊர்களை மூன்றாகப் பிரியுங்கள்: ஆர்க்கைக் கண்டுகொள்ளாத ஊர், முறைத்துப் பார்க்கும் ஊர், உள்ளே விடாத ஊர். மூன்றாவது வகை ஒன்றே ஒன்று போதும், அதுவும் கதைக்கு முக்கியமான இடமாக இருக்கட்டும். முறைத்துப் பார்க்கும் ஊரில் ஒரு செஷனுக்கு ஒரு காட்சிக்கு மேல் வேண்டாம்.

அங்கே மக்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை நீங்களே தீர்மானிக்காமல் பகடையிடம் விடலாம். 1981 பேசிக் விதிகளில், எதிர்ப்படும் அரக்கர்களின் மனநிலையை அறிய 2டி6 (இரண்டு ஆறுமுகப் பகடை) போடும் பட்டியல் இருந்தது. அதைத் திருப்பி ஊர்மக்களுக்குப் பயன்படுத்துங்கள். 2 வந்தால் கல்லெறிவார்கள், 3 முதல் 5 வரை பகை, 6 முதல் 8 வரை தயக்கம், 9 முதல் 11 வரை பேசத் தயார், 12 என்றால் சாப்பிடக் கூப்பிடுவார்கள். 36க்கு 16 முறை தயக்கம்தான் வரும், பிளேயர் பேசி வெல்ல இடம் இருக்கும். உள்ளூர்க்காரர் ஒருவர் ஜாமீன் நின்றால் +1, அந்த ஊருக்கு ஏற்கெனவே உதவியிருந்தால் +2. இந்தக் கூட்டல்கள் நான் சேர்ப்பவை. அவை இல்லாவிட்டால் பிளேயர் எவ்வளவு நல்லது செய்தாலும் ஊர் மாறாது, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பிளேயர்கள் கைவிடுகிறார்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். நம் ஊரில் சாதியையும் நிறத்தையும் வைத்து மனிதர்களை இழிவுபடுத்தும் சொற்களை எந்த என்பிசி (டிஎம் ஆட்டும் பாத்திரம்) வாயிலும் வைக்காதீர்கள். மேசையில் இருப்பவர் அந்தச் சொல்லை நிஜத்தில் கேட்டிருக்கக்கூடும். எது வரவே கூடாது, எதைக் காட்டாமல் கடந்துபோகலாம் என்று இரண்டு பட்டியல்களை முதல் செஷனுக்கு முன்பே எல்லோரிடமும் வாங்கி வையுங்கள்.

கேள்வி: எங்கள் பிளேயர் ஒருவரின் கோப்ளின், பார்ட்டியின் (எங்கள் குழுவின்) பணத்தையே திருடுகிறது. கேட்டால் "கோப்ளின் அப்படித்தான்" என்கிறார். விதி அவர் பக்கமா?

பதில்: இல்லை. அலைன்மென்ட் (நல்லவரா கெட்டவரா என்ற குணக் குறிப்பு) ஒரு வழக்கமான நிலை மட்டுமே, அதை மாற்றலாம் என்று 2014 மான்ஸ்டர் மேனுவலின் முன்னுரையிலேயே இருக்கிறது. இந்த விளையாட்டின் எபரான் உலகத்தில், கோர்வேர் கண்டத்துக்கு மனிதர்கள் வருவதற்கு முன்பே கோப்ளின் இனத்தார் தகான் என்ற பேரரசை ஆண்டார்கள். பட்டாளமும் ஒழுங்கும் உடையவர்கள் அவர்கள்.

திட்டிப் பயனில்லை, அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தக் கோப்ளின் தன் கூட்டத்தை ஏன் விட்டது? பார்ட்டியில் யாருக்குக் கடன்பட்டிருக்கிறது? எதைத் திருடவே திருடாது? இரண்டாவது கேள்விக்குப் பதில் வந்துவிட்டால் திருட்டு பெரும்பாலும் எதிரியின் கூடாரத்துக்குத் திசைமாறும். அப்போது அதே குணம் எல்லோருக்கும் பிடிக்கும்.

கேள்வி: மேடம், நாங்கள் 3.5 பதிப்பு ஆடுபவர்கள், பார்ட்டி 7ஆம் லெவல். ஒருவர் ஓகர் கேட்கிறார். பலம் +10 என்றதும் மற்றவர்களுக்குப் பயம்.

பதில்: பயப்பட வேண்டியவர் ஓகர் எடுப்பவர். ஓகருக்கு இனத்திலேயே 4 ஹிட் டைஸ் (உயிர்ப் பகடை, நான்கு லெவலுக்குச் சமம்), லெவல் அட்ஜஸ்ட்மென்ட் (இனத்தின் பலத்துக்காகக் கழியும் லெவல்) +2. இந்த ஆறும் போக ஃபைட்டர் லெவல் ஒன்றுதான் மிஞ்சும். அடிப்படை அட்டாக் போனஸ் +4, ஒரே அடி. பக்கத்தில் நிற்கும் மனித ஃபைட்டருக்கு +7, இரண்டாவது அடியும் உண்டு. அவருக்கு 7 ஹிட் டைஸ், ஓகருக்கு 5. ஓகரின் வில் சேவ் (மனதைத் தாக்கும் மந்திரத்துக்கு எதிரான சேவ்) அடிப்படை +1தான். 7ஆம் லெவல் விசார்ட் ஒருவர் 'கன்ஃப்யூஷன்' போட்டால், 10 அடி எட்டும் அந்தத் தண்டாயுதம் உங்கள் பார்ட்டியின் மேலேயே விழலாம். 5 அடி அகல வழியில் நெருக்கிக்கொண்டு நுழைந்தால் அட்டாக்குக்கும் ஏசிக்கும் (அடி படாமல் காக்கும் எண்ணுக்கும்) தலா -4. டன்ஜன் வரைபடத்தில் எத்தனை வழிகள் 5 அடி என்று ஆட்டத்துக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். தெரிந்தே ஒப்புக்கொண்டால் தாராளமாக ஆடட்டும், +10 பலத்தோடு முதல் அடி விழும்போது கிடைக்கும் சந்தோஷம் தனி.

ஐந்தாம் பதிப்புக்கு மாறுவதாக இருந்தால் 2024 விதிப் புத்தகத்தின் கோலியத்தை (ராட்சதர் வழி வந்த இனம்) எடுத்து ஓகர் என்று வர்ணிக்கச் சொல்லுங்கள். 5ஆம் லெவலிலிருந்து லாங் ரெஸ்டுக்கு ஒருமுறை 10 நிமிடம் லார்ஜ் அளவுக்கு வளரலாம். மீதி நேரம் கதவில் இடிக்காது.

கேள்வி: யுவான்-டியையும் (பாம்பு மனிதர்) ஆரக்கோக்ராவையும் (பறவை மனிதர்) தடை செய்யலாமா?

பதில்: யுவான்-டியைத் தடை செய்ய வேண்டியதில்லை. எல்லா மந்திரச் சேவுக்கும் அட்வான்டேஜ் என்பது பெரிய வரம்தான், ஆனால் வாளும் அம்பும் அதைக் கண்டுகொள்ளாது. ஆரக்கோக்ராவை மட்டும் 5ஆம் லெவலுக்குக் கீழே நான் அனுமதிப்பதில்லை. பள்ளம், மதில், ஆறு என்று டிஎம் யோசித்து வைத்த தடைகள் எல்லாம் பறப்பவருக்கு ஒன்றுமில்லாமல் போகின்றன.

கேள்வி: சென்டார் (பாதி மனிதர், பாதி குதிரை) ஏணி ஏறுமா? எங்கள் மேசையில் ஒரு மணி நேரம் இதே சண்டை.

பதில்: ஏறும், மெதுவாக. ஒரு அடி ஏற 4 அடி கூடுதலாகச் செலவாகும், ஆக 40 அடி வேகத்தில் 8 அடி. 30 அடி ஏணியில் டேஷ் போட்டும் இரண்டு டர்ன் ஆகும். மனிதர் டேஷ் போட்டால் ஒரே டர்னில் மேலே இருப்பார். ஏறும் இடத்தை எதிரி காவல் காத்தால் சென்டாரைக் கடைசியில் ஏற்றாதீர்கள், கீழே தனியாக மாட்டிக்கொள்ளும்.

ஏணியைவிட அடிக்கடி மறந்துபோகும் விஷயம், சென்டார் ஹியூமனாய்டு (மனித வகை) அல்ல, ஃபே (மாய உலக வகை). ஹியூமனாய்டை மட்டுமே கட்டிப்போடும் 'ஹோல்டு பர்சன்' அதன்மேல் பலிக்காது, அது லாபம். ஆனால் எதிரி கிளெரிக், ஃபேயிடமிருந்தும் காக்கும் 'புரொடெக்‌ஷன் ஃப்ரம் ஈவில் அண்டு குட்' போட்டுக்கொண்டால், அவர்மேல் சென்டார் வீசும் ஒவ்வொரு அடிக்கும் டிஸ்அட்வான்டேஜ். கேரக்டர் ஷீட்டின் மேலேயே 'ஃபே' என்று பெரிதாக எழுதி வையுங்கள்.