பள்ளிவாசல் முன்னால் மேளத்தை நிறுத்தினால் உரிமை போய்விடுமா?

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குச் சப்பரம் பள்ளிவாசல் தெரு வழியாகத்தான் போகும். பள்ளிவாசலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற கரண்ட் கம்பத்திலிருந்து அந்தப் பக்க டீக்கடை வரை மேளத்தை நிறுத்திவிட்டுப் போவது தாத்தா காலத்துப் பழக்கம். இந்த வருஷம் பையன்கள் டிஜே லாரிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள், எங்கேயும் நிறுத்த மாட்டோம் என்கிறார்கள். ஜமாஅத்தார் ஸ்டேஷனில் மனு கொடுக்க, ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) இரண்டு தரப்பையும் அமைதிக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார். நிறுத்துவதாக எழுதிக் கொடுத்தால் பின்னால் அதுவே எங்களுக்கு எதிராகத் திரும்புமா? பேசாமல் ஹைகோர்ட்டுக்குப் போய்விடலாமா? நான் விழாக் கமிட்டியில் பொருளாளர்.

பதில்: திரும்பாது. பொதுத் தெருவில் சாமி ஊர்வலம் போகிற உரிமை நூறு அடி தூரம் மேளத்தை நிறுத்தியதால் கரைந்துபோகிற உரிமை இல்லை. இதே தகராறு நம் மாநிலத்தில் ரொம்பப் பழையது. 1882-இல் சேலத்தில் பள்ளிவாசல் முன்னால் ஊர்வலம் போவது பற்றிய சண்டை பெரிய கலவரமாகி, பின்னாளில் காங்கிரஸ் தலைவரான சேலம் விஜயராகவாச்சாரியார் மேலேயே வழக்குப் போட்டுத் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள், அப்பீலில்தான் விடுதலையானார். அடுத்த வருஷமே சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு விஷயத்தைத் தெளிவாக்கியது: எந்த மதத்தாரும் பொதுத் தெருவில் ஊர்வலம் போகலாம், ஆனால் அடுத்தவர் உரிமைக்கும் அதிகாரிகள் போடுகிற நியாயமான கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டுத்தான் போக வேண்டும். இன்றைக்கு வரை சட்டம் இந்த இரண்டு பாதிகளில்தான் நிற்கிறது. உங்கள் பையன்கள் முதல் பாதியைப் படித்திருக்கிறார்கள், ஜமாஅத்தில் சிலர் இரண்டாம் பாதியை மட்டும் படித்திருப்பார்கள்.

1920-களில், அன்றைக்கு நம் நாட்டு வழக்குகளுக்கும் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் இதையே உறுதி செய்தது. பள்ளிவாசல் முன்னால் ஊர்வலம் போவது பற்றி இன்றும் எல்லா வக்கீல்களும் காட்டுகிற தீர்ப்பு அதுதான். அந்த வழக்கில் இந்துவே கிடையாது. ஷியா முஸ்லிம்களின் முஹர்ரம் ஊர்வலத்துக்கு சன்னி பள்ளிவாசல்காரர்கள் ஆட்சேபம் சொன்ன வழக்கு அது! 1968-இல் ஒடிசாவிலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே வழியில் போனது. பெரம்பலூர் மாவட்டம் வி. களத்தூர் வழக்கில் 2021-இல் சென்னை உயர்நீதிமன்றம், ஒரு பகுதியில் ஒரு மதத்தார் அதிகம் இருக்கிறார்கள் என்பதற்காக இன்னொரு மதத்தின் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது என்றது. அங்கே எண்ணிக்கையில் குறைவாக இருந்தவர்கள் இந்துக்கள். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்புப்படி இந்துக்கள் சுமார் 87.6 சதவீதம், ஆனால் தெரு அளவில் யார் பெரும்பான்மை என்பது ஐந்நூறு அடிக்கு ஒரு தரம் மாறும். அதனால் இன்றைக்கு நீங்கள் கேட்கிற நியாயம், நாளை இன்னொரு தெருவில் உங்களுக்கு எதிரில் வந்து நிற்கும்.

சரி, டிஜே லாரிக்கு வருவோம். அது மத விவகாரமே இல்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவெளியில் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்று கணக்கு. ஒலிபெருக்கி வைத்தாலும் அதற்கு மேல் 10 டெசிபல்தான் போகலாம். 65-க்குள் ஒரு டிஜே லாரியை ஓட்டிக் காட்டுகிறவருக்கு நானே மாலை போடுகிறேன். கூட்டத்தில் டிஜேவுக்காக வாதாடினால் பாதை பற்றிய உங்கள் நியாயமான பேச்சும் சேர்ந்து அடிபடும். "அப்போ பாங்கு மட்டும் ஸ்பீக்கரில் வரலாமா?" என்று யாராவது கேட்பார்கள். விதி எல்லாருக்கும் ஒன்றுதான். சென்னையில் ஒரு கிறிஸ்தவச் சபையின் ஒலிபெருக்கி வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம், அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது. பாங்குச் சத்தம் அளவு மீறுகிறது என்று நினைத்தால் தனியாக மனு கொடுங்கள், சப்பரத்தோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

கூட்டத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் ஒரு தரப்புக்காக உட்கார்ந்த ஒரு கூட்டத்தில் "இரு தரப்பினரும் ஒற்றுமையுடன் விழாவை நடத்துவது" என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள், எல்லாரும் டீ குடித்துவிட்டுப் போனோம். திருவிழா அன்றைக்கு அந்த வரியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தெருப் பெயர்களை வரிசையாக எழுதச் சொல்லுங்கள். எந்தக் கம்பத்தில் மேளம் நிற்கும், எந்தக் கடையில் மறுபடி தொடங்கும் என்று எழுதச் சொல்லுங்கள். நேரத்தை "மாலை 6.30" என்று போடாதீர்கள். மஃரிப் (மாலைத் தொழுகை) பாங்கு சூரியன் மறைவதை ஒட்டி நகரும். அதனால் "மஃரிப் தொழுகை முடிந்து இருபது நிமிடம் கழித்து" என்றோ, அதற்கு முன்னாலேயே சப்பரம் தெருவைக் கடந்துவிடும் என்றோ எழுதுங்கள். ரம்ஜான் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். அது பங்குனியோடு சேர்கிற வருஷங்களில் நோன்பு திறக்கிற கூட்டம் தெருவில் நிற்கும், பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியிடம் அதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அவர்கள் பக்கத்துக்கும் வேலை எழுத வேண்டும்: அன்று மாலை தெருவில் வண்டி நிறுத்தக் கூடாது, ஜமாஅத்திலிருந்து நாலு பெரியவர்கள் உடன் நிற்க வேண்டும். உங்கள் ஊரில் தர்கா சந்தனக்கூடு ஊர்வலம் கோயில் வழியாகப் போகிறதென்றால் அதையும் இதே தாளில், இதே மாதிரி விவரத்தோடு எழுதிவிடுங்கள்.

உங்கள் பயத்துக்கும் ஒரு வரி இருக்கிறது: "இந்த ஏற்பாடு பழக்கத்தை ஒட்டி, எந்தத் தரப்பின் சட்ட உரிமைக்கும் பாதகமின்றி ஒப்புக்கொள்ளப்படுகிறது." அந்த வரி இருந்தால் கையெழுத்துப் போடுங்கள், நகல் வாங்காமல் எழுந்து வராதீர்கள். அமைதிக் கூட்டத் தீர்மானம் உரிமையைத் தீர்மானிக்கிற தீர்ப்பு ஆகாது.

ஹைகோர்ட்? ஊர்வலத்துக்கே அனுமதி இல்லை, வழக்கமான பாதையில் விட மாட்டோம் என்றால் கட்டாயம் போங்கள். அப்படித் தடை உத்தரவு வந்தாலும் (பழைய 144, இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 163-ஆம் பிரிவு) அது சாதாரணமாக இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது. தவறு செய்யாதவனைத் தடுப்பதைவிடத் தகராறு செய்கிறவனைத் தடுக்க வேண்டும் என்று 1981-இல் வாரணாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் உங்களுக்குத் துணை. ஆனால் மேளத்தை நிறுத்த மாட்டோம் என்பதற்காகப் போனால், பெரும்பாலும் இதே நிபந்தனைகளைத்தான் நீதிபதி எழுதித் தருவார், அதுவும் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால். கூடவே ஊர் முழுக்க பந்தோபஸ்து.

அப்புறம், அன்றைய தினம். என் அனுபவத்தில் சண்டை ஊர்வலம் நகரும்போது வருவதில்லை, நிற்கும்போது வருகிறது. தாழ்ந்த கம்பியைத் தூக்கிவிட, தேங்காய் உடைக்க, செல்ஃபி எடுக்க என்று சப்பரம் பள்ளிவாசல் முன்னால் பத்து நிமிடம் நிற்கும், அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவன் கோஷம் போடுவான். கம்பி வேலையை இ.பி. ஆளை வைத்து முந்தின நாளே முடியுங்கள், தேங்காயை அடுத்த முக்கில் உடையுங்கள். வெளியூர்ப் பையன்களைச் சப்பரத்துக்கு முன்னால் விடாதீர்கள். தொழுகையை வேண்டுமென்றே கலைத்தால் பிஎன்எஸ் (பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) 300-ஆம் பிரிவில் ஒரு வருஷம் வரை சிறை உண்டு, மதப் பகையைத் தூண்டினால் 196 அதைவிடக் கடுமை. வழக்கு வெளியூர்க்காரனோடு நிற்காது, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட கமிட்டிக்காரர்களையும் தேடி வரும்.

டிஜே அட்வான்ஸைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள், கொடுக்காவிட்டால் நஷ்டக் கணக்கில் எழுதுங்கள். அந்தப் பணத்துக்கு இன்னும் ரெண்டு செட் நையாண்டி மேளம் சொல்லியிருக்கலாமே என்று பையன்களிடம் கேளுங்கள். அந்தக் கம்பம் வரைக்கும் அவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடட்டும்.