பழைய போன் வயர்ல லேன் ஓடுமா?

கேள்வி: வணக்கம் அண்ணே. செந்தூல்ல ரெண்டு மாடி வரிசை வீடு எங்களது. ரவுட்டர் கீழ ஹால்ல இருக்கு, நான் மேல பின் ரூம்ல ஆப்பிஸ் வேலை பாக்குறேன், அங்க வைஃபை வந்து வந்து போகுது. ரூமுக்கு ரூம் பழைய போன் சாக்கெட் சும்மா கிடக்கு. கடையில 20 வெள்ளிக்கு ஒரு அடாப்டர் காட்டி, போன் சாக்கெட்ல மாட்டினா லேன் (வைஃபை இல்லாம வயர் வழியா வர்ற நெட்) ஆயிடும்னு சொல்றாங்க. வாங்கலாமா?

பதில்: இப்ப வாங்காதீங்க தங்கச்சி. அந்த அடாப்டர் பிளக்கை மட்டும்தான் மாத்தும், சுவத்துக்குள்ள இருக்கிற வயர் அதே வயர்தானே. நானும் ஒரு தடவை இப்படி வாங்கி ரெண்டு நாள் சாயங்காலம் மல்லுக்கட்டினேன், லைனே வரல, கடைக்காரர் திருப்பி எடுக்கவும் மாட்டேன்னுட்டார். முதல்ல மேல ரூம் சாக்கெட்டைக் கழட்டிப் பாருங்க.

அதுக்கு முன்னாடி ஒண்ணு, வெளிய போன் கம்பத்துலேருந்து வர்ற பழைய லைன் இன்னும் இணைஞ்சிருந்தா அதைப் பிரிச்சுடணும். உயிரோட இருக்கிற போன் லைன்ல சும்மா இருக்கும்போதே 48 வோல்ட் இருக்கும், பெல் அடிக்கும்போது இன்னும் கூடும், அது லேன் சாமானுக்கு ஆகாது, அதோட கேஎல்ல அடிக்கிற இடிக்கு அந்த லைன் வழியா கம்ப்யூட்டரே போயிடும். வீட்டு அலாரம் அந்த வயர்ல இருக்கான்னும் பாத்துக்குங்க.

இப்ப வயர். வயர் உறை மேல கேட் 5ஈ-ன்னு (லேனுக்கு ஆகுற வயர் வகை) அச்சடிச்சு, உள்ள எட்டு வயர் நாலு ஜோடியா முறுக்கி இருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம், ரெண்டு முனையிலயும் லேன் சாக்கெட் மாத்தினாப் போதும், 1000 எம்பிபிஎஸ் ஓடும். ஆனா பழைய வீடுகள்ல வயரை ஒரு சாக்கெட்லேருந்து அடுத்த சாக்கெட்டுக்குன்னு தொடுத்துக்கிட்டே போயிருப்பாங்க, போனுக்கு அது போதும், லேனுக்கு ஒரு முனையிலேருந்து மறு முனைக்கு நேரா போகணும், அதனால நடு சாக்கெட்டை எடுத்துட்டு வயரை ஒண்ணோட ஒண்ணு சரியா சேர்க்க வேண்டியிருக்கும்.

உள்ள ரெண்டு இல்ல நாலு வயர்தான் இருக்குன்னா, வயரை லேசா இழுத்துப் பாருங்க. பைப்புக்குள்ள தாராளமா நகருதுன்னா பழைய வயரோட நுனியில புது கேட் 6 வயரைக் கட்டி இழுத்துடலாம், என்னைக் கேட்டா இதுதான் எல்லாத்துலயும் நல்ல வழி, வயரிங் ஆளுக்கு அரை நாள் வேலை. சிமெண்டுக்குள்ள பூசி நகரவே மாட்டேங்குதுன்னா மட்டும் ஜி.எச்.என் பெட்டி (வீட்ல இருக்கிற பழைய வயர் வழியாவே நெட்டை அனுப்புற பெட்டி) பாருங்க, போன் வயருக்குன்னே உள்ள மாடல், கீழ ஒண்ணு மேல ஒண்ணு, ஒரே ஒரு ஜோடி வயர்ல ஓடும், தொடுத்த வயர்லயும் ஓடும். பெட்டி மேல போட்டிருக்கிற வேகம் போறதும் வர்றதும் சேர்த்துதான், கைக்கு வர்றது அதைவிட நல்லா கம்மியா இருக்கும், ஆனா மீட்டிங்குக்கும் ஃபைல் அனுப்பவும் வைஃபை மாதிரி அறுந்து அறுந்து போகாது. இதே வேலைக்கு முன்னாடி வந்த, எச்பிஎன்ஏன்னு போட்ட பழைய பெட்டியை செகண்ட் ஹேண்டுல மலிவா கொடுத்தா வேணாம், 1990கள் கடைசியில வந்தது, ஆரம்ப மாடல் 1 எம்பிபிஎஸ், அடுத்தது 10தான்.

லோயாட் கம்ப்யூட்டர் மால்ல வாங்கினாலும் ஆன்லைன்ல வாங்கினாலும், ஓடலைன்னா திருப்பி எடுப்பீங்களான்னு முன்னாடியே கேட்டு ரசீதுல எழுதி வாங்கிடுங்க. கடைக்காரர் சொன்ன சொல் மாறினா பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கு, பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வக்கீல் வேணாம். சாக்கெட்டைக் கழட்டினதும் வயரை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துட்டு எதுன்னு சொல்றேன்.