குளியலறை சீலிங்: ஒழுகலா, வெந்நீர் ஆவியா?

கேள்வி: குன்னூரில் அடுக்குமாடி வீட்டில் நடுத்தளத்தில் இருக்கிறோம். குளியலறை சீலிங்கில் பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. குளித்து முடித்தால் முத்து முத்தாக நீர் நிற்கிறது. மேல்வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லி, வாட்டர்ப்ரூஃபிங்காரர் 45,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மேல்வீட்டு ஒழுகல் நீங்கள் குளிக்கும் நேரம் பார்த்து வராது. இது கீசர் தண்ணீரின் ஆவி, இரவெல்லாம் குளிர்ந்துகிடந்த கான்கிரீட்டில் பட்டு நீராகிறது. வாட்டர்ப்ரூஃபிங்காரர் ஈரம் அளக்கும் மீட்டரை வைத்து "பாருங்க, எவ்வளவு ஈரம்" என்று காட்டியிருப்பார். நனைந்த பெயின்டில் எந்த மீட்டரும் ஈரம்தான் காட்டும்.

சந்தேகம் தீர, சீலிங்கைத் துடைத்துக் காயவைத்து, ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டுங்கள். இரண்டு நாள் வழக்கம்போலக் குளியுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் ஆவி. தாளுக்கும் சீலிங்குக்கும் நடுவே ஈரம் கோத்தால் மேலிருந்து வருகிறது.

அப்படி மேலிருந்துதான் வருகிறது, பில்டர் வீட்டை ஒப்படைத்து ஐந்து வருடம் ஆகவில்லை என்றால், உங்கள் கைக்காசு எதற்கு? 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, அந்தச் சட்டத்தின்கீழ் பதிவான கட்டுமானத் திட்டங்களில் வேலைப்பாட்டுக் குறையை பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஒரு வருஷ வாரன்டி முடிந்துவிட்டது என்பார். அசோசியேஷன் அது இரண்டு வீட்டு விவகாரம் என்று கைகழுவும். மேல்வீட்டுக்காரர் ஊரில் இருக்க மாட்டார். சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது! போனில் பேசிப் பயனில்லை, எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவிக்கு வைத்தியம் காற்று. குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரில் அட்டை அடைத்திருந்தால் எடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை வெளியே தள்ள வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்குள் தள்ளினால் ஈரம் அங்கேதான் தங்கும். குளித்தபின் 20 நிமிடம் ஓடட்டும். கதவடியில் அரை அங்குல இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும்.

பிறகுதான் பெயின்டர். உரிந்ததை முழுக்கச் சுரண்டி, கரும்பூஞ்சையை பிளீச்சிங் கரைசலால் கழுவி (அதோடு ஆசிட் கலந்தால் விஷவாயு, ஜாக்கிரதை), நன்றாகக் காயவிட்டு, பிரைமர், அதன்மேல் பூஞ்சை தாங்கும் எமல்ஷன். டிஸ்டெம்பர் வேண்டாம். ஈரத்தின் மேலேயே பட்டி பார்த்துவிட்டு அன்றைக்கே கூலி கேட்பார்கள், விடாதீர்கள். பொங்கலுக்குள் முடிக்கிறேன் என்று மார்கழியில் தொடங்கினால் குன்னூரில் எதுவும் காயாது. மாசி, பங்குனி வரை பொறுங்கள்.