‘த்ரஸ்ட்’ – கடிதம்

வணக்கம் ஐயா,

ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் ‘ஹெட் ஹன்டர்ஸ்’ ஆல்பத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் அதைக் கேட்கத் தொடங்கினேன். ஒரு மாதமாக அதிலுள்ள ‘கமீலியன்’ வாயை விட்டுப் போகவில்லை. அதே சூட்டில், அந்தக் குழுவோடு அவர் செய்த இரண்டாவது ஆல்பமான ‘த்ரஸ்ட்’டைப் போட்டேன். ஏமாந்துவிட்டேன். இரவில் கைபேசியை மேஜைமேல் வைத்து மூன்று முறை கேட்டும் முணுமுணுக்க ஒரு வரிகூட மிஞ்சவில்லை. ஓடிய குதிரையையே அவசரமாக மறுபடி ஓட்டியது போல் இருக்கிறது. நான் எதையாவது தவறவிடுகிறேனா?

ஆர்., சேலம்

அன்புள்ள ஆர்.,

தவறவிடுகிறீர்கள். அதில் பாதிப் பழி உங்கள் கைபேசிக்கு.

‘கமீலியன்’ தொடங்கும்போது நீங்கள் முணுமுணுக்கும் அந்த அடிவரி பேஸ் கிட்டாரில் வாசித்ததல்ல. ஹான்காக் சின்தசைசரில் வாசித்தது. அதில் ஒரு ரீங்காரம் உண்டு. எவ்வளவு சின்ன ஸ்பீக்கரிலும் அது தப்பிப் பிழைத்து வந்துவிடும். ‘த்ரஸ்ட்’டில் அடித்தளம் முழுக்க பேஸ் கிட்டார் வாசிக்கும் பால் ஜாக்சனின் விரல்களில் இருக்கிறது. அவர் ஒரே வரியைத் திருப்பித் திருப்பி வாசிப்பவர் அல்ல, ஒவ்வொரு சுற்றிலும் எதையாவது மாற்றிக்கொண்டே போவார். கைபேசி ஸ்பீக்கரில் அந்தக் கனத்த ஒலி பெரும்பகுதி கரைந்துபோகும். நீங்கள் கேட்டது அவர் இல்லாத ‘த்ரஸ்ட்’. நல்ல ஹெட்ஃபோன் ஒன்று கடன் வாங்கியாவது கேளுங்கள்.

அவசரம் என்கிறீர்கள். முதல் ஆல்பம் வந்தது 1973 அக்டோபரில், இது 1974 செப்டம்பரில். ஓராண்டுகூட ஆகவில்லை. ஆனால் மறுபடி அதையே செய்தார்கள் என்பதை என்னால் ஏற்க முடியாது. இடையில் டிரம்ஸ் வாசிப்பவர் மாறிவிட்டார். ஹார்வி மேசன் விலகி, அந்த இடத்துக்கு மைக் கிளார்க் வந்தார். ஓக்லாந்தில் ஜாக்சனோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர். சாக்சபோன், புல்லாங்குழல் வாசிக்கும் பென்னி மாபின், தாளவாத்தியக்காரர் பில் சம்மர்ஸ் உட்பட மற்ற எல்லோரும் பழைய ஆட்களே. ஒரே ஒருவர் மாறியதில் குழுவின் நடையே மாறிப்போனது.

மேசன் போடும் தாளம் பாறை மாதிரி. மேலே யார் எதை வாசித்தாலும் அது அசையாது. அதனால்தான் முதல் ஆல்பத்தின் மெட்டுகள் அவ்வளவு எளிதாக மனதில் உட்கார்கின்றன. கிளார்க்கிடம் அந்தப் பாறை கிடையாது. இவர்கள் வாசிக்கும் ஃபங்க் என்ற தாள இசையில் இரண்டாவது, நான்காவது அடிகளில் ஸ்னேர் டிரம் விழும் என்று நம் கை காத்திருக்கும். அவர் அதற்குச் சற்று முன்னால் வைப்பார், அல்லது தள்ளிப் போடுவார். நடுவில் பட்டும் படாமலும் சின்னச் சின்னத் தட்டல்கள். ஜாக்சன் அதைக் கேட்டுத் தன் வரியை வளைப்பார். அந்த வளைவுக்கு கிளார்க் உடனே ஒரு பதில் வைத்திருப்பார். மெட்டைத் தேடிக்கொண்டிருந்தால் இந்தப் பேச்சு காதில் விழாது.

இந்த ஆல்பத்தில் உள்ள ‘ஆக்சுவல் ப்ரூஃப்’ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை புல்லாங்குழலையும் ஹான்காக்கின் ரோட்ஸ் என்ற மின்பியானோவையும் மறந்துவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை பேஸை மட்டும். மூன்றாவது முறை ஹான்காக்கிடம் வாருங்கள். அந்த இருவரும் தரையை அசைத்துக்கொண்டே இருக்க, அதன்மேல் அவர் எவ்வளவு துணிச்சலாக நடக்கிறார் என்பது அப்போது தெரியும். எனக்கு இது பிடிபடப் பல மாதங்கள் ஆயின. பிடிபட்ட அன்று வேறு எதையும் கேட்க மனம் வரவில்லை. தலைப்பு நிச்சிரென் என்ற ஜப்பானிய பௌத்தப் பிரிவில் வழங்கும் சொல். கடைப்பிடிப்பவரின் வாழ்விலேயே கிடைக்கும் கண்கூடான சான்று என்று பொருள். ஹான்காக் அப்போது அந்த வழிபாட்டில் ஆழ்ந்திருந்தார்.

உங்கள் புகாரில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தொடக்கமாக வரும் ‘பாம் கிரீஸ்’ கொஞ்சம் நீளம். புதிதாக வருகிறவரை வாசலிலேயே நிறுத்திவைக்கிறது. அட்டைப்படமும் ஹான்காக்கைத் தனியாக விண்கலத்தில் உட்கார வைத்து, இது ஒருவர் செய்த ஆல்பம் என்று நினைக்க வைக்கிறது. ஐந்து பேர் செய்தது இது.

1975இல் இதே குழு, கிட்டார் கலைஞர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, டோக்கியோவில் வாசித்த கச்சேரி ‘ஃப்ளட்’ என்ற பெயரில் வெளிவந்தது. ‘த்ரஸ்ட்’டின் நான்கு உருப்படிகளில் மூன்று அதில் இருக்கின்றன. அவசரத்தில் செய்து மறந்துவிட்ட ஒன்றை மேடைக்கு இப்படிச் சுமந்துபோக மாட்டார்கள். அதில் உள்ள ‘ஆக்சுவல் ப்ரூஃப்’ இன்னும் மூர்க்கமானது. ஸ்டுடியோ வடிவம் பழகிய பிறகு அதற்குப் போங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ‘த்ரஸ்ட்’டில் உள்ள ‘பட்டர்ஃபிளை’ பற்றி நீங்கள் ஒரு சொல்கூட எழுதவில்லை. ஹான்காக்கும் மாபினும் சேர்ந்து அமைத்தது. மெல்ல நகரும், பதினொரு நிமிடத்துக்கு மேல் போகும். ஹான்காக் பின்னாளில் திரும்பத் திரும்ப எடுத்து வாசித்த மெட்டு. இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு அதை மட்டும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். முணுமுணுக்க வரி கிடைத்ததா என்று எழுதுங்கள்.